எல்லோருக்கும் ஒரே 0.6 நொடி

ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற இணைய விளையாட்டில் காலம் 0.6 நொடிக்கு ஒருமுறைதான் நகரும். மவுஸை நீங்கள் எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் சர்வர் அவசரப்படாது. அந்த 0.6 நொடிக்குள் வந்து சேர்ந்த எல்லோருடைய கட்டளைகளையும் எடுத்துக்கொண்டு, உலகத்தை மொத்தமாக ஓர் அடி முன்னே தள்ளும். ஆடுகிறவர்கள் இதை 'டிக்' என்பார்கள். மரம் வெட்டுவது, மீன் பிடிப்பது, வாள் வீசுவது எல்லாமே டிக் கணக்குதான். வளைவாள் ஏந்தியவர் நாலு டிக்குக்கு ஒருமுறை, அதாவது 2.4 நொடிக்கு ஒருமுறை, அடிப்பார். அவர் லண்டனில் புத்தம்புதுக் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறாரா, கோவில்பட்டியில் ஒரு பிரவுசிங் சென்டரின் மூலைப் பெட்டி முன்னால் இருக்கிறாரா என்று அந்த வாளுக்குத் தெரியாது.

அந்த மூலைப் பெட்டியைச் சில ஆண்டுகள் பராமரித்தவன் நான். இன்றைக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். என் தொழிலைப் பற்றி எனக்கிருக்கும் உறுதியான எண்ணங்கள் எல்லாம் அந்தப் பெட்டியில் அந்த விளையாட்டை ஓடவைக்கப் பட்ட பாட்டிலிருந்து வந்தவை.

2015ஆம் ஆண்டு. பொறியியல் படிப்பு முடிந்திருந்தது, வேலை அமையவில்லை. எங்கள் தெருமுனையில் இருந்த சென்டரை நடத்தியவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். காலையில் ஜெராக்ஸ், ரயில் டிக்கெட், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், பள்ளி விட்டதும் பையன்கள். சாயங்காலக் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை உட்காரச் சொன்னார். சம்பளம் பெரிதில்லை. அப்பா வேலையிலிருந்து திரும்பும் நேரத்தில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பையன்கள் ஆடியது கவுண்டர்-ஸ்டிரைக் 1.6. துப்பாக்கி விளையாட்டில் படம் ஒரு கணம் திக்கினாலும் ஆள் காலி. அதனால் ஒன்றாம் நம்பருக்கும் இரண்டாம் நம்பருக்கும் தினமும் அடிதடி. மூலையில் இருந்த நாலாம் நம்பர் பெட்டி மட்டும் எப்போதும் காலியாகக் கிடக்கும், அல்லது வாயில்லாத பிள்ளை எவனாவது அதில் உட்காருவான். ஒன்பதாவது படித்த ஒரு பையன் அப்படித்தான் நாலாம் நம்பருக்கென்றே ஆகிப்போனான். வருவான், தோற்பான், காசைக் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவான். அவன் கையில் குறையில்லை. பின்னால் நின்று பார்த்த எனக்கு அது தெரியும். அவன் சுட்ட குண்டு திரையில் தெரிவதற்குள் அவனைச் சுட்டுவிட்டிருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு எல்லோரிடமும் ஒரே காசு வாங்கிக்கொண்டு இவனை மட்டும் இப்படி உட்காரவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணாச்சிக்கு அந்தப் பெட்டி வேறு விதத்தில் தொந்தரவு.

"ஏ தம்பி, நாலாம் நம்பர எடைக்குப் போட்டுருவமா? சும்மா எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கி."

"ஒரு வாரம் குடுங்க அண்ணாச்சி. அதுலயும் ஓடுற மாதிரி ஒரு கேம் இருக்கு."

"அதுல ஜிமெயில் தெறக்கதுக்கே பத்து நிமிஷம் ஆவுது. என்னத்த கேமு?" என்றார். ஆனாலும் ஒரு வாரம் கொடுத்தார்.

ரூன்ஸ்கேப்பை எனக்குக் காட்டியவர் கல்லூரி விடுதியில் இருந்த ஒரு சீனியர். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்த ஆண்ட்ரூ கோவர், தன் சகோதரர்களோடு சேர்ந்து 2001 ஜனவரியில் வெளியிட்ட விளையாட்டு அது. பிரவுசருக்குள்ளேயே ஜாவா ஆப்லெட்டாக ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், சி.டி. வாங்க வேண்டாம், எதையும் இன்ஸ்டால் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பள்ளிக்கூட லேபில் உட்கார்ந்த பிள்ளைகளெல்லாம் ஆட முடிந்தது அதனால்தான். 2004ல் முழுதாக மாற்றி எழுதிய இரண்டாம் பதிப்பு வந்தது. 2008ல் மெருகேற்றிய எச்.டி. காட்சிகள் வந்தன, 2012 நவம்பரில் சண்டை முறையையே தலைகீழாக மாற்றினார்கள். பழைய ஆட்டக்காரர்களால் அதைத் தாங்க முடியவில்லை. பலர் வெளியேறினார்கள், பழையதைத் திருப்பிக் கேட்டார்கள். 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த பேக்கப் ஒன்று விளையாட்டை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. 2013 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். சுமார் நாலரை லட்சம் பேர் வாக்களித்தார்கள். அதே மாதம் 22ஆம் தேதி அந்தப் பேக்கப் உயிர்பெற்றது. அதுதான் ஓல்டு ஸ்கூல். முதல் இரண்டு ஆண்டு மாதச் சந்தா கட்டினால்தான் உள்ளே போகலாம். 2015 பிப்ரவரியில் உலகத்தின் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கார்டு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

நாலாம் நம்பரின் ஜாதகம் இது: பென்டியம் டூயல் கோர், 1 ஜிபி ரேம், மதர்போர்டிலேயே ஒட்டிய கிராஃபிக்ஸ், 80 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. முதல்நாள் விளையாட்டைத் திறந்தபோது முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ரேம் தீர்ந்துபோய் ஹார்டு டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், யாரும் கேட்காத டூல்பார்கள், எப்போதோ போட்ட பிரிண்டரின் துணை நிரல்கள், அரட்டை மென்பொருள்கள் எல்லாம் பெட்டி ஆன் ஆனதும் எழுந்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். அடுத்து பயாஸ். ஒட்டுக் கிராஃபிக்ஸுக்கென்று ரேமிலிருந்து ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கிவைத்திருந்தார்கள். அந்த நாளில் இந்த விளையாட்டு முப்பரிமாண வேலைக்கு கிராஃபிக்ஸ் சில்லை அழைத்ததே இல்லை, முழுவதையும் பிராசசரே கணக்குப் போட்டு வரைந்துகொண்டது. ஆகவே அந்த ஒதுக்கீட்டைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கினேன். 1 ஜிபி பெட்டியில் அப்படி மீளும் கொஞ்சமும் பெரிய சொத்து.

இவ்வளவுக்குப் பிறகும் கால் மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டுத் தள்ளாடியது. மூடியைக் கழற்றினேன். பிராசசர் மேலிருந்த ஃபேனைப் பலகையோடு பிடித்துவைக்க நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் கொக்கிகள் இருக்கும். அதில் ஒன்று பிடிப்பு விட்டு எழும்பி நின்றது. உலோகத் துண்டு பிராசசர்மீது சரிவாக உட்கார்ந்திருந்தது. நடுவில் இருக்க வேண்டிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து விபூதியாக உதிர்ந்தது. சூடு தலைக்கேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஊரே 'பழசு, ஸ்லோ' என்று ஒதுக்கிவைத்த பெட்டிக்கு இருந்த பெரிய நோய் ஒரு கொக்கி. பழைய பேஸ்ட்டைத் துடைத்து, அரிசி அளவு புதியதை வைத்து, நாலு கொக்கியும் 'டிக்' என்று சத்தம் கேட்கும்வரை அமுக்கினேன். தூசியை பிரஷ்ஷால் தட்டியபோது அண்ணாச்சி மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார்.

மிச்ச வேலையை விளையாட்டை எழுதியவர்களே பல ஆண்டுகளுக்கு முன்னால் செய்துவைத்திருந்தார்கள். எனக்குப் பாடமாக அமைந்தது இந்தப் பகுதிதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ரூன்ஸ்கேப்பின் பழைய கட்டம் 765க்கு 503 பிக்சல். அதில் உலகம் தெரியும் சன்னல் 512க்கு 334. மற்றது வரைபடமும் பையும் அரட்டைப் பெட்டியும். அதாவது ஒவ்வொரு முறையும் பிராசசர் வரைய வேண்டியது சுமார் 1,71,000 பிக்சல். அதே விளையாட்டை 1366க்கு 768 திரை முழுக்க விரித்தால் பத்து லட்சத்தைத் தாண்டும், ஆறு மடங்கு வேலை. கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவருக்கு இந்த வித்தியாசம் உறைக்காது. பிராசசரை மட்டும் நம்பி நிற்கும் பெட்டிக்கு இதுதான் வாழ்வும் சாவும். எனவே பழைய பெட்டியில் 'ஃபிக்ஸ்டு' திரைதான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

எது முன்னால், எது பின்னால் என்று கண்டுபிடிக்கப் பெரிய விளையாட்டுகள் ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் தூரத்தைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ளும். இவர்கள் அந்தச் செலவை வைத்துக்கொள்ளவில்லை. சுவரில் படம் வரைகிறவர் முதலில் வானம், அதன்மேல் மலை, அதன்மேல் மரம், கடைசியில் மாடு என்று பின்னாலிருந்து முன்னால் வருவதைப்போல, உருவங்கள் கட்டப்பட்ட முக்கோணங்களில் தூரத்தில் இருப்பவற்றை முதலில் வரைந்து பக்கத்தில் இருப்பவற்றை அதன்மேலேயே பூசிவிடுகிறார்கள். சில இடங்களில் இது சரிவராது. மார்பில் அணிந்த கவசம் கைக்குப் பின்னால் போய்விடும். அதற்காக எந்தப் பாகம் எதற்கு மேலே வர வேண்டும் என்று ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு முன்னுரிமை எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பிராசசர் ஒவ்வொரு நொடியும் பட வேண்டிய கஷ்டத்தை வடிவம் செய்த கலைஞர் ஒருமுறை பட்டிருக்கிறார்.

நிறமும் இப்படித்தான். ஒரு நிறத்துக்கு 16 பிட்: வண்ணத்துக்கு 6, அடர்த்திக்கு 3, வெளிச்சத்துக்கு 7. புல்வெளியில் ஒரு சரிவு நிழலாக வேண்டுமென்றால் கடைசி 7 பிட்டில் இருக்கும் எண்ணைக் குறைத்தால் போதும். உண்மையான நிறம் என்ன என்பதை 65,536 வரிகள் கொண்ட ஒரு பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். கேமராவைத் திருப்ப சைன், கொசைன் தேவை. வட்டத்தை 2048 கூறாக வெட்டி, விடைகளை முன்கூட்டியே போட்டு அட்டவணையாக வைத்துவிட்டார்கள். ஓடும்போது கணக்கில்லை, எடுப்பதுதான். இசைகூடப் பதிவுசெய்த பாட்டாக வராது. எந்தச் சுரம், எந்த வாத்தியம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும் வரும், வாசிப்பது உங்கள் கம்ப்யூட்டர். இயன் டெய்லர் அமைத்த 'சீ ஷான்ட்டி 2' அந்த உடைந்த ஸ்பீக்கரிலும் துள்ளிக்கொண்டு வந்தது இப்படித்தான். எங்கள் பிராட்பேண்டு மாதக் கடைசியில் வரம்பு தாண்டி 512 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். யூட்யூப் படுத்துவிடும், ரூன்ஸ்கேப் படுக்காது. யார் எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தார், யார் கையில் என்ன என்ற சிறு செய்திகள்தானே டிக்குக்கு டிக் வருகின்றன.

இந்த விவரங்களை எல்லாம் பின்னால் தேடித் தேடிப் படித்தேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நாலாம் நம்பரில் படம் நொடிக்கு இருபதுக்கு மேல் வந்தது. அப்போது அந்த விளையாட்டின் உச்சமே நொடிக்கு 50 படம்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். லம்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு சமையல்காரர் முட்டை, மாவு, பால் கேட்பார். கொண்டுவந்து கொடுப்பதுதான் பலரும் முதலில் முடிக்கும் வேலை. பையன் கோதுமையைப் பறித்து, மில்லின் மேல்தளத்துக்குத் தூக்கிக்கொண்டு ஏறி, தொட்டியில் கொட்டி, நெம்புகோலைத் தள்ளி, கீழே இறங்கி வந்து பானையில் மாவு அள்ளினான். முகம் திரைக்கு ஒட்டிவிட்டது. ஒன்றாம் நம்பரில் கவுண்டர்-ஸ்டிரைக் ஆடிக்கொண்டிருந்தவன் எட்டிப் பார்த்து, "இது என்னடா, பொம்ம மாதிரி இருக்கு" என்றான். இரண்டு நாள் கழித்து அவனும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த காட்சி அதற்கடுத்த வாரம் நடந்தது. இருவரும் மாட்டுத் தொழுவத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள், இருவர் கையிலும் ஒரே வளைவாள். ஒருவனிடம் சென்டரிலேயே நல்ல கம்ப்யூட்டர், மற்றவனிடம் நாலாம் நம்பர். ஒன்றில் வாள் வழுக்கிக்கொண்டு இறங்கும், மற்றதில் வெட்டி வெட்டி இறங்கும். ஆனால் அடி விழுவது 2.4 நொடிக்கு ஒருமுறை, இருவருக்கும். முடிவுசெய்வது சர்வர், கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெட்டி சர்வர் சொன்னதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். சர்வர்கள் இருந்தது இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும். செய்தி கோவில்பட்டியிலிருந்து கடல் தாண்டிப் போய்த் திரும்புவதற்கு ஆகும் தாமதம்கூட அந்த 0.6 நொடிக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்கு நாலாம் நம்பர் பையன் முதலில் ஒரு படி ஏறினான். அவன் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலில் பார்த்தது அன்றைக்குத்தான்.

எல்லா இடத்திலும் இந்தச் சமத்துவம் செல்லாது. கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்றொரு சந்தை உண்டு. விளையாட்டு 'உலகம்' என்று எண்ணிட்ட பல நகல்களாக ஓடுகிறது; வியாபாரத்துக்குப் பேர்போன 301ஆம் உலகத்தில் அங்கே எப்போதும் திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு ஆளும் தொப்பி, அங்கி, வாள், கேடயம் என்று வெவ்வேறு துண்டுகளை ஒட்டிய உருவம். எல்லோரும் ஒரே சன்னலில் நின்றால் பிராசசர் திணறும். நாலாம் நம்பர் அங்கே போனதும் படம் பொம்மலாட்டம் ஆகிவிடும். சந்தையின் விலை எல்லா உலகத்துக்கும் பொது என்பதால், ஆள் குறைந்த வேறொரு உலகத்துக்குத் தாவி அங்கிருந்து விற்று வாங்கப் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். கூரைகளை மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டால் வரைய வேண்டியது இன்னும் குறையும். டிரேனர் கிராமத்தில் வங்கிக்குப் பக்கத்திலேயே நீரோரம் வில்லோ மரங்கள் நிற்கும். மெதுவான பெட்டிக்கு அதைவிட ஏற்ற இடம் இல்லை. வெட்டு, பை நிறைந்ததும் வங்கியில் போடு, மறுபடி வெட்டு. ஒரு திறனில் 99ஆம் படியைத் தொட 1,30,34,431 புள்ளி வேண்டும். ஒரு வில்லோவுக்கு 67.5 புள்ளி. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த பையன்கள் பெருமூச்சு விட்டுவிட்டு வெட்டத் தொடங்கினார்கள். 92ஆம் படிக்கு வந்தால்தான் பாதி தூரம் என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

மின்வெட்டுக்கும் ஒரு பழக்கம் உண்டாயிற்று. சண்டையின் நடுவில் இணைப்பு அறுந்தால் உங்கள் ஆள் உடனே மறையமாட்டார். சற்று நேரம் அங்கேயே நின்று அடி வாங்குவார். யூ.பி.எஸ். பேட்டரி எல்லாம் வயதானவை. கரண்ட் போகும் நேரம் நெருங்கினால் "மரம் வெட்டப் போங்கடா" என்று ஒருவன் குரல் கொடுப்பான், எல்லோரும் வாளை வைத்துவிட்டுக் கோடரி எடுப்பார்கள்.

கொஞ்ச நாளில் பிளஸ் டூ பிள்ளைகள் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். 2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் அது. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அந்த லேப்டாப்தான். சென்டர் அதனால் வருமானத்தை இழந்தது என்றாலும் அண்ணாச்சி முகம் சுளிக்கவில்லை. "பிள்ளைகளுக்குச் சொந்தமா ஒண்ணு இருக்கட்டும் தம்பி" என்று சொல்லி, இணைப்புக்கு மட்டும் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டார்.

முதல் கட்டத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் இருந்தன. ஒரு மாணவி தன் அண்ணன் விட்டுச்சென்ற லேப்டாப்போடு வந்தாள். 2 ஜிபி ரேம் போதவில்லை, இன்னொரு 2 ஜிபி போட்டால் ஓடுமா என்று கேட்டாள். சென்னை போகிற நண்பனிடம் சொல்லி ரிச்சி தெருவில் பழைய துண்டு ஒன்றை வாங்கிவரச் செய்யலாம்தான். ஆனால் ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபிக்கு மேல் ரேமைத் தொடாது; டெஸ்க்டாப் படத்தை மாற்றக்கூட விடாத பதிப்பு அது. ரேம் வாங்குவதற்கு முன்னால் பெட்டியை மறுபடி ஆன் செய்து, தொடக்கப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த பாஸை அவளுக்குத் திறந்து காட்டினேன். நம் நாட்டு சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய லினக்ஸ். வாங்கிய நாளிலிருந்து அது உள்ளேயே இருந்திருக்கிறது, யாரும் நுழைந்து பார்க்கவில்லை. பிறகு அதைவிட எடை குறைந்த லுபுன்டுவைப் போட்டுக்கொடுத்தேன். ரேமும் வந்தது, 4 ஜிபியும் முழுதாகத் தெரிந்தது. "அண்ணே, இவ்ளோ நாள் பாதி லேப்டாப்தான் வச்சிருந்தோமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்குச் சண்டையில் ஆர்வமில்லை. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு, இறகு என்ன விலை, இரும்புத்தாது என்ன விலை, வங்கியிலிருந்து எத்தனை நடை என்று எழுதிவைப்பாள். பார்பேரியன் கிராமத்து ஆற்றில் இறகைத் தூண்டிலில் கோத்து டிரவுட்டும் சால்மனும் பிடிக்கலாம். அதற்காக வாங்கும் இறகின் விலை ஏறுவதையும் இறங்குவதையும் கவனித்து, மலிவாக வாங்கி வைத்து ஏறும்போது விற்றாள். 2015 மார்ச்சிலேயே 'பாண்ட்' என்றொரு பொருள் விளையாட்டுக்குள் வந்திருந்தது. பணமுள்ள ஒருவர் உண்மைக் காசு கொடுத்து அதை வாங்கிச் சந்தையில் போடுவார். இன்னொருவர் விளையாட்டுத் தங்கத்தைக் கொடுத்து வாங்கி 14 நாள் சந்தாதாரர் ஆகலாம். வீட்டில் கார்டு இல்லாத அந்தப் பெண் இறகு வியாபாரத்தில் சேர்த்த தங்கத்தில் ஒரு பாண்ட் வாங்கிக் கட்டண உலகத்துக்குள் போனாள். சென்டரில் இருந்த எல்லோரும் அவள் பின்னால் கூடி நின்று பார்த்தோம். அண்ணாச்சி எல்லோருக்கும் டீ சொன்னார். இன்றைக்கு அவள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்க்கிறாள்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இணையம் சட்டைப்பைக்குள் போனதும் சென்டரின் சாயங்காலம் வற்றிவிட்டது. 2018 அக்டோபரில் ஓல்டு ஸ்கூல் கைபேசிக்கும் வந்தபோது எனக்கு மதுரையில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்திருந்தது. பலசரக்குக் கடைக்கும் மருந்துக்கடைக்கும் பில் போடும் மென்பொருள் எழுதும் வேலை.

2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. அதுவரை கையால் பில் எழுதிய கடைக்காரர்கள் அவசரமாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நான் போய்ப் பார்த்த கடைகளில் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கைப் பெட்டிகள். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில், ஃபேனில் மாவு படிந்து. எல்லாமே நாலாம் நம்பர்கள். எங்கள் நிறுவனத்திலோ புதிய பதிப்புக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்: திரை மாறும்போது வழுக்கிக்கொண்டு வர வேண்டும், பொத்தான்கள் மின்ன வேண்டும், ஒவ்வோர் எழுத்தைத் தட்டும்போதும் சரக்குப் பட்டியல் முழுக்கத் தேட வேண்டும். அலுவலகத்துப் பெட்டிகளில் அழகாகத்தான் இருந்தது. கடையில் போட்டால், வரிசையில் ஆறு பேர் நிற்கும்போது கடைக்காரர் 'பருப்பு' என்று அடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

நான் என் மேசையில் ஒரு பழைய டூயல் கோர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். நான் எழுதும் எதுவும் முதலில் அதில்தான் ஓட வேண்டும். அட்டவணையாகப் போட்டுவைக்கக்கூடிய விடையைப் பில் போடும் நேரத்தில் கணக்குப் போடக் கூடாது. மாறிய வரியை மட்டும்தான் திரும்ப வரைய வேண்டும். கடைக்காரர் தட்டும் எழுத்துகளை ஒரு சிறு இடைவெளிக்குச் சேர்த்துவைத்து மொத்தமாக ஒருமுறை தேட வேண்டும். கடைசியில் சொன்னது அப்பட்டமாக ரூன்ஸ்கேப்பின் டிக். என் மேலாளர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "கஸ்டமர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கட்டும்" என்றார். திருமங்கலத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு அவரைக் கூட்டிப்போய்க் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவரே திட்டத்தை மாற்றினார்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கட்டும் என்ற பேச்சை இன்றைக்கும் எல்லா இடத்திலும் கேட்கிறேன், எனக்குக் கோபம் வருகிறது. வாங்க முடியாதவர் வெளியே நிற்கட்டும் என்பதைத்தான் அது நாகரிகமாகச் சொல்கிறது. அழகு வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. ரூன்ஸ்கேப்பிலேயே 2021ல் ஓர் ஆட்டக்காரர் உருவாக்கிய '117 எச்.டி.' என்ற சேர்க்கை வந்தது. ரூன்லைட் என்ற திறமூல மென்பொருள் வழியாக அதைப் போட்டால் நிழல், நீரின் மினுமினுப்பு, தூரத்து மூடுபனி எல்லாம் கிடைக்கும். போட்டவரும் போடாதவரும் ஒரே வில்லோ மரத்தடியில் நின்று வெட்டலாம், மரம் இருவருக்கும் ஒரே டிக்கில்தான் விழும். நல்ல பெட்டி வைத்திருப்பவருக்கு அலங்காரம் கூடுதலாகக் கிடைக்கிறது, பழைய பெட்டிக்காரரின் இடமும் அப்படியே இருக்கிறது. புதிதாக எதைச் சேர்ப்பதென்றாலும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் ஓட்டுக்கு விடுகிறார்கள். முதலில் நூற்றுக்கு 75 பேர் ஒப்ப வேண்டும் என்றிருந்தது, பின்னால் 70 ஆனது. மென்பொருள் எழுதுகிற எங்களில் எத்தனை பேர், பயன்படுத்துகிறவரிடம் இப்படிக் கேட்டுவிட்டு எழுதுகிறோம்?

விண்டோஸ் 10க்கு இருந்த ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் நல்ல நிலையில் இருக்கும் பெட்டிகள் எடைக்கடைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சனி, ஞாயிறுகளில் என்னிடம் லேப்டாப்பைக் கொண்டுவருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பில் போட, பிள்ளைகள் படிக்க, தபால் பார்க்க என்று வருவார்கள். நடுநடுவே யாராவது ஒரு பையன், "இதுல ஓஎஸ்ஆர்எஸ் ஓடுமாண்ணே?" என்று கேட்பான். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்பைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்வார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு நிறைந்துவிடும்.

முதலில் மூடியைக் கழற்றச் சொல்வேன். ஃபேன் சுற்றுகிறதா, பேஸ்ட் காய்ந்திருக்கிறதா, ரேமுக்கு இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் செலவழிக்க இருக்கும் காசில் முதல் காசை எஸ்.எஸ்.டி.க்குக் கொடுக்கச் சொல்வேன். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, அதன்மேல் ரூன்லைட். கிராஃபிக்ஸ் சில்லு பழசு என்றால் ஜிபியு சேர்க்கையை அணைத்துவிட்டு, 'லோ டீட்டெய்ல்' சேர்க்கையைப் போட்டு, திரையை 'ஃபிக்ஸ்டு'க்கு மாற்ற வேண்டும். ரேம் 2 ஜிபிதான் என்றால் ஆடும்போது பிரவுசரை மூடிவிட வேண்டும். 4 ஜிபி இருந்தால் பக்கத்தில் விக்கியையும் திறந்துவைத்துக்கொள்ளலாம், பாட்டும் கேட்கலாம்.